புதுப் பெயின்ட், பழைய சுவர்

கேள்வி: நகரத்தின் பழைய பகுதியில், நூறு வயது தாண்டிய கட்டடத்தைப் புதுப்பித்து ஒற்றை அறை ஸ்டூடியோ வீடுகளாகப் பிரித்திருக்கிறார்கள். கீழே ஒன்று, மேலே ஒன்று காலி. கீழ்வீட்டுக்கு வாடகை குறைவு. உயரமான கூரை, பளிச்சென்ற சுவர், பார்த்ததுமே பிடித்துவிட்டது. இந்த வாரமே அட்வான்ஸ் கேட்கிறார்கள். தனியாக இருக்கப்போகிறேன், வேலையும் வீட்டிலிருந்தேதான். எதை எடுக்கலாம்? அம்மாவின் தேக்கு மேஜையையும் கொண்டுபோக ஆசை.

பதில்: எடுப்பதானால் மேல்வீடு. ஆனால் அட்வான்ஸுக்கு முன்னால் இன்னொரு முறை போய்ப் பாருங்கள், முடிந்தால் மழை பெய்த மறுநாள்.

அந்தக் காலத்துச் சுவர்கள் பெரும்பாலும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். சுண்ணாம்பு ஈரத்தை இழுக்கும், பிறகு தானாகவே வெளியே விட்டுவிடும். புதுப்பிக்கிறோம் என்று அதன்மேல் சிமென்ட் பூசி, பிளாஸ்டிக் பெயின்டும் அடித்தால் ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். தரையிலிருந்து ஏறும் ஈரம் வழக்கமாக ஒரு மீட்டர் உயரம் வரை தொல்லை தரும். கீழ்வீட்டு வாடகை குறைவாக இருக்க இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நானும் ஒருமுறை பளபளப்பைப் பார்த்து ஏமாந்தேன். குடிபோன இரண்டாம் மாதம் அலமாரியை நகர்த்தினால், பின்னால் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. விரலால் தொட்டதும் காரை மாவு மாதிரி உதிர்ந்தது.

அதனால் சிங்க்குக்குக் கீழே இருக்கும் கதவைத் திறந்து முகர்ந்து பாருங்கள். விரல் முட்டியால் சுவரைத் தட்டுங்கள். 'தொம்'மென்று வெற்றுச் சத்தம் கேட்கும் இடத்தில் பூச்சு சுவரைவிட்டுப் பிரிந்திருக்கிறது. நேற்று அடித்த பெயின்ட் வாசனை வந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

அடுத்தது கரன்ட். சுவிட்சுகள் புதிதாக இருக்கலாம், சுவருக்குள் ஓடும் ஒயர்? இண்டக்‌ஷன் அடுப்பு 2,000 வாட், உடனடி கீசர் 3,000 வாட், ஏசி ஒரு 1,500 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் சேர்ந்து ஓடினால் 230 வோல்ட்டில் 28 ஆம்பியரைத் தாண்டும், பழைய ஒயர் அதைத் தாங்காமல் போகலாம். ஒயரை முழுதாக மாற்றினார்களா, எர்த் இருக்கிறதா, 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் பிரேக்கர் பொருத்தியிருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். 'எல்லாம் புதுசுதாம்மா' என்பது பதில் ஆகாது. அந்தப் பிரேக்கரின் டெஸ்ட் பட்டனை அழுத்திக் காட்டச் சொல்லுங்கள்.

வீட்டிலிருந்து வேலை என்கிறீர்கள். தடித்த பழைய சுவர் தெருச் சத்தத்தைக் குறைக்கும், கூடவே போன் சிக்னலையும். உள்ளே நின்று ஒரு கால் பேசிப் பாருங்கள். வீடுகளைப் பிரிக்க எழுப்பிய புதுச் சுவர் வெறும் ஜிப்சம் பலகையாக இருந்தால் பக்கத்து வீட்டுத் தும்மல் உங்கள் மீட்டிங்கில் கேட்கும். மேல்தளம் மரத்தளமா என்பதையும் பாருங்கள், காலடிச் சத்தம் கீழே கேட்கும். ஒரே அறை என்பதால் அடுப்புக்குப் பக்கத்திலேயே கட்டில். எக்ஸாஸ்ட் காற்று நேராக வெளியே போகிறதா? சில இடங்களில் அது அலங்காரத்துக்குத்தான் சுற்றுகிறது.

கட்டடம் பாரம்பரியப் பட்டியலில் இருந்தால் முகப்பில் கைவைக்க உரிமையாளருக்கே அனுமதி தேவைப்படலாம். ஏசியின் வெளி யூனிட்டை எங்கே மாட்டுவது என்று இப்போதே கேட்டுவிடுங்கள். ஈரம், குழாய், ஒயரிங் ரிப்பேர் யார் செலவு என்பது ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்கட்டும். சாவி வாங்கும் அன்றே எல்லாச் சுவரையும் போட்டோ எடுத்து உரிமையாளருக்கும் அனுப்பிவிடுங்கள்.

அப்புறம் மேஜை. பழைய மாடிப்படிகளில் அகலத்தைவிட திருப்பம்தான் வில்லன். டேப்பை எடுத்துக்கொண்டு போய்த் திருப்பத்தையும் வாசலையும் அளந்து வாருங்கள். மேஜையின் கால்களைக் கழற்ற முடியுமா என்று கவிழ்த்துப் பாருங்கள்.