விடுகிற மூச்சு

அன்புள்ள அக்கா,
ஒரு வருசமாக ஆசனங்கள் பழகுகிறேன். தலைகீழாக நிற்கிற சிரசாசனத்தில் மூன்று நிமிசம் நிற்பேன். திருமூலர் சொன்ன, 16 எண்ணி இழுத்து, 64 எண்ணி அடக்கி, 32 எண்ணி விடுகிற கணக்கில், ஃபோனில் செக்கன் பார்த்து மூச்சும் அடக்குகிறேன். தலைச்சுற்றுத்தான் வருகிறது, நெற்றியில் ஒளி வரவில்லை. முதுகெலும்பின் அடியில் உறங்குவதாகச் சொல்கிற சக்தியான குண்டலினி எழும்ப எந்த ஆசனம் செய்ய வேண்டும்?
வாசகர், மாங்குளம்

அன்புள்ள தம்பி,
ஒரு வருசம் விடாமல் பழகுவது லேசுப்பட்ட காரியமில்லை. ஒளிக் கதையை விடும், கண்ணை இறுக்கி மூடினால் எவருக்கும் பொறி தெரியும். எனக்கு விளங்காதது உம்முடைய கணக்கு.

மூன்றையும் கூட்டிப் பாரும்: 112. செக்கனில் எண்ணினால் ஒரு மூச்சுக்கு இரண்டு நிமிசத்துக்கு எட்டு செக்கன்தான் குறைவு! திருமூலர் சொன்னது மாத்திரை. கண்ணிமைக்கிற, கைநொடிக்கிற அளவு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீரே. அதுவும் பழகி முதிர்ந்தவருக்கு. நெஞ்சை இறுக்கி அடக்கினால் இதயத்துக்குத் திரும்புகிற இரத்தம் குறையும். பிறகு வாயைப் பிளந்து இழுக்கிறீர். தலை சுற்றாமல் என்ன செய்யும்?

அடக்குவதை நிற்பாட்டும். சாக்கை நாலாக மடித்து, இடுப்பு முழங்காலைவிட உயர இரும். பெருவிரலால் வலது மூக்கை மூடி, இடதால் நாலு எண்ணி இழும். மோதிரவிரலால் இடதை மூடி, வலதால் எட்டு எண்ணி விடும். பிறகு வலதால் இழுத்து இடதால் விடும். இது ஒரு சுற்று, ஆறு போதும். இழுக்க எவருக்கும் தெரியும். பரீட்சை விடுகிற மூச்சில்தான். முதல் எண்ணில் இருந்த மெதுமை எட்டிலும் இருக்கவேணும். ஏழில் தள்ளி முடித்தால் உமக்கு அந்தக் கணக்கு அதிகம், மூன்றும் ஆறுமாகக் குறைத்துக்கொள்ளும். சத்தம் உம்முடைய காதுக்குக் கேட்டாலே பிழை.

விட்டு முடிந்து, அடுத்த மூச்சு தானாக வருமுன் ஒரு சின்ன இடைவெளி இருக்கும். அதை நீட்டாதேயும், பார்த்துக்கொண்டிரும். ஏ-9 வீதியில் லொறி போவது கேட்கும். அதன் பின்னால் மனம் ஓடாது. யோகத்தின் எட்டு அங்கங்களில் ஐந்தாவதான பிரத்தியாகாரம், அதாவது புலன்களை உள்ளே திருப்புவது, தொடங்குவது இப்படித்தான். நீரோ மூன்றாம் அங்கமான ஆசனத்தில் நின்றுகொண்டு எட்டாவதான சமாதிக்குப் பாய்கிறீர்.

அரிவு வெட்டு முடிந்து வைக்கோல் தூசி பறக்கிற நாட்களில் மூக்கடைத்தால் விரலை எடுத்துவிட்டு, இரண்டு மூக்காலும் விடுகிற மூச்சை மட்டும் எண்ணும். பிரஷர் இருந்தால் அடக்கலும் தலைகீழும் வேண்டவே வேண்டாம்.

தலைச்சுற்று நிற்குமட்டும் குண்டலினி பற்றி எனக்கு எழுதாதேயும்.