பிடித்த கை விரியாத நோய்: புதிய ஊசி வந்துவிட்டதா?

கேள்வி: என் கணவருக்கு வயது 41. எதையாவது இறுகப் பிடித்தால் விரல்கள் உடனே விரிவதில்லை. 36 வயதிலேயே இரு கண்களிலும் புரை அறுவை நடந்தது. மரபணுப் பரிசோதனையில் ‘மயோடோனிக் டிஸ்ட்ரோபி வகை 1’ என்று வந்திருக்கிறது. வெளிநாட்டில் இதற்கு ஊசி வந்துவிட்டதாகச் சொல்கிறார்களே, உண்மையா? 14 வயது மகளுக்கும் பரிசோதனை செய்ய வேண்டுமா?

பதில்: ஊசி இருக்கட்டும் அம்மா, அவருக்குக் கடைசியாக எப்போது ஈசிஜி எடுத்தீர்கள்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கை இறுக்கத்தைவிட எனக்குக் கவலை தருவது அவருடைய இதயம்தான். இந்த நோயில் இதயத்தின் மின்பாதை மெல்லத் தடைபடும். சிலருக்கு முன்னறிகுறியே இல்லாமல் உயிருக்கு ஆபத்தாகும். ஆண்டுக்கு ஒருமுறையாவது ஈசிஜி கட்டாயம். மயக்கமோ படபடப்போ வந்தால் அன்றே இதய மருத்துவரிடம் செல்லுங்கள். உரிய நேரத்தில் பொருத்திய பேஸ்மேக்கர் பலரைக் காப்பாற்றியிருக்கிறது.

19-ஆம் குரோமோசோமில் உள்ள டிஎம்பிகே மரபணுவின் கடைசிப் பகுதியில் சி, டி, ஜி என்ற மூன்று டி.என்.ஏ. எழுத்துகளின் தொடர் திரும்பத் திரும்ப வரும். பெரும்பாலோருக்கு 5 முதல் 34 முறை. 50-ஐத் தாண்டினால் நோய். ஆயிரத்தைத் தாண்டுவதும் உண்டு. 1992-இல் இது கண்டறியப்பட்டபோது ஒரு புதிர் எஞ்சியது. இந்தப் பகுதியிலிருந்து புரதமே உருவாவதில்லை. பிறகு எப்படி இத்தனை உறுப்புகள் கெடுகின்றன? மரபணுவிலிருந்து எடுக்கப்படும் நகலான ஆர்.என்.ஏ. நீண்டுபோய், செல்லின் உட்கருவுக்குள்ளேயே சிக்கிக் கிடந்து, மற்ற மரபணுச் செய்திகளை வெட்டி ஒட்டிச் சீர்செய்யும் புரதங்களைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. அதனால் தசை தளர உதவும் குளோரைடு வாயில் பழுதாகி, கை விரிய மறுக்கிறது. இன்சுலினைப் பற்றிக்கொள்ளும் ஏற்பியும் பழுதாவதால் சர்க்கரை ஏறலாம், அதையும் பரிசோதியுங்கள்.

குற்றவாளி ஆர்.என்.ஏ. என்று தெரிந்ததால் அதையே அழிக்கும் மருந்தைத் தேடினார்கள். முதலில் வந்த, ஆர்.என்.ஏ.வில் ஒட்டி அதை அழிக்கவைக்கும் ஆன்டிசென்ஸ் மருந்து எலிகளிடம் நன்றாக வேலை செய்தது. மனிதத் தசைக்குள் போதிய அளவு போய்ச் சேரவில்லை. இப்போது இத்தகைய மருந்துகளை, தசைச் செல்லின் மேற்பரப்பில் இரும்புச்சத்தை உள்ளே இழுக்கும் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியைப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடியுடன் இணைத்துச் செலுத்துகிறார்கள். தொடக்க ஆய்வுகளில் நோயாளிகளின் கை முன்பைவிட விரைவாக விரிந்திருக்கிறது. எனக்கு மிகுந்த நம்பிக்கை தரும் செய்தி இது. ஆனாலும் இந்த ஊசிகள் இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கின்றன. பணம் கட்டினால் இப்போதே போடுகிறோம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். இறுக்கம் தொல்லையானால் மெக்சிலெட்டின் மாத்திரை உதவும், இதயத்தைப் பரிசோதித்த பிறகு மட்டும்.

மகளுக்கு இது வந்திருக்கும் வாய்ப்பு சரிபாதி. நலமாக இருக்கிறாள் என்றால் மரபணுப் பரிசோதனைக்கு அவசரம் வேண்டாம்; 18 வயதுக்குப் பின் அவளே தீர்மானிக்கட்டும். கை இறுக்கம், பகல் தூக்கம், மயக்கம் என எது தென்பட்டாலும் உடனே செய்யுங்கள். தலைமுறை தாண்டும்போது எழுத்துத் தொடர் நீண்டு, நோய் முன்னதாகவே தொடங்குவதுண்டு. பிறவியிலேயே தாக்கும் கடுமையான வகை பெரும்பாலும் தாய்வழியே வருவதால், கருத்தரிக்கும் முன் அவள் தன் நிலையை அறிந்திருக்க வேண்டும்.

அவருக்கு எந்த அறுவை சிகிச்சை என்றாலும் மயக்க மருந்து நிபுணரிடம் நோயின் பெயரை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தசையைத் தளர்த்த அறுவையின்போது தரும் சக்சினைல்கோலின் மருந்தைக் கொடுத்தால், இவருக்குத் தாடை விறைத்து, சுவாசத்துக்கான குழாயைத் தொண்டைக்குள் செலுத்துவதே கடினமாகிவிடலாம். நோயின் பெயரையும் இந்த மருந்தின் பெயரையும் ஒரு சீட்டில் எழுதி அவர் பர்ஸில் வையுங்கள்.