குச்சியில் பாதி, பெட்டியில் பாதி

அன்புள்ள ஐயா,

மழைக்காலத்தில் தீப்பெட்டி நமுத்துப்போனால் என் மாமியார் குச்சியைத் தலைமுடியில் நாலு தேய் தேய்த்துவிட்டுக் கிழிப்பார். சில நேரம் பற்றுகிறது, சில நேரம் மருந்து உதிர்ந்துவிடுகிறது. இதில் அறிவியல் ஏதாவது உண்டா? பழைய கௌபாய் படங்களில் பூட்ஸில் உரசியே பற்றவைக்கிறார்களே, நம் குச்சி மட்டும் ஏன் பெட்டியில்தான் பற்றும் என்று என் மகன் கேட்கிறான். தீக்குச்சியை முதலில் செய்தவர் யார் என்பதையும் எழுதினால் அவனுக்குப் படித்துக் காட்டுவேன்.

செல்வி, தென்காசி

அன்புள்ள செல்வி,

உங்கள் மகன் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற இரண்டுக்கும் விடை அதற்குள்தான் இருக்கிறது.

குச்சியின் தலையில், எளிதில் தீப்பற்றும் தனிமமான பாஸ்பரஸ் கிடையாது. அந்த மருந்தில் ஏறக்குறையப் பாதி பொட்டாசியம் குளோரேட்; சூடு ஏறினால் ஆக்சிஜனை விடுகிற உப்பு. கூடவே எரிவதற்குக் கொஞ்சம் கந்தகம், உராய்வுக்குக் கண்ணாடித் தூள், எல்லாவற்றையும் பிடித்து வைக்கப் பசை. சிவப்புப் பாஸ்பரஸ் இருப்பது பெட்டியின் பக்கவாட்டுப் பட்டையில், அதுவும் கண்ணாடித் தூளும் பசையும் கலந்து பூசியதாக. குச்சியைக் கிழிக்கும்போது பட்டையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவு பாஸ்பரஸ் பெயர்ந்து, குளோரேட்டோடு உரசிப் பொறியாகிறது. அந்தப் பொறியில்தான் தலை பற்றுகிறது. சிமென்ட் சுவரில் தேய்த்தால் சூடு வரும், பாஸ்பரஸ் வராது. (வழவழப்பான கண்ணாடியில் நீளமாக, வேகமாக இழுத்தால் வெறும் உராய்வுச் சூட்டிலேயே பற்றுவதும் உண்டு. அது விதிவிலக்கு.)

தலை எரிவது ஓரிரு நொடிதான். அதற்குள் மரம் பற்றிக்கொள்ளாது. அதனால் மருந்தில் முக்குவதற்கு முன்பே குச்சியின் நுனியைப் பாரபின் மெழுகில் முக்கிவிடுவார்கள். தலையின் சுடரில் மெழுகு ஆவியாகி எரியும், அந்தத் தீதான் மரத்துக்குப் போகிறது. கிழித்தவுடன் குச்சியை லேசாகக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பிடித்தால் அணையாமல் நிற்பது இதனால்தான். ஊதி அணைத்த பிறகும் குச்சி கனன்றுகொண்டிருந்தால், அந்த மரம் அம்மோனியம் பாஸ்பேட் கரைசலில் ஊறவில்லை என்று அர்த்தம். ஊறிய குச்சி அணைந்ததும் கருகி அப்படியே நிற்கும்.

இனி வரலாறு. உரசிப் பற்றவைக்கும் குச்சியை முதலில் விற்றவர் ஜான் வாக்கர், இங்கிலாந்தின் ஸ்டாக்டன் ஊரில் மருந்துக் கடை வைத்திருந்தவர். 1827 ஏப்ரல் 7 அன்று நடந்த முதல் விற்பனை அவருடைய கணக்குப் புத்தகத்திலேயே பதிவாகியிருக்கிறது. ஆன்டிமனி சல்பைடும் பொட்டாசியம் குளோரேட்டும் பசையில் குழைத்த மருந்து; மடித்த உப்புத்தாளுக்கு நடுவே குச்சியை வைத்து இழுக்க வேண்டும். அவர் காப்புரிமை வாங்கவில்லை. 1830-களின் தொடக்கத்தில் பிரான்சில் சார்ல் சொரியா ஆன்டிமனி சல்பைடுக்குப் பதிலாக வெள்ளைப் பாஸ்பரஸைச் சேர்த்தார். பிறகு குச்சி எதில் உரசினாலும் பற்றியது. பூட்ஸில் பற்றும் ரகசியம் அதுதான்.

அந்த வசதிக்குத் தொழிலாளர்கள் கொடுத்த விலை கொடூரமானது. வெள்ளைப் பாஸ்பரஸின் ஆவியை வருடக்கணக்கில் சுவாசித்தவர்களுக்குச் சொத்தைப் பல் வழியாகத் தாடை எலும்பு பாதிக்கப்பட்டு அழுகியது. பலருக்குத் தாடையையே வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. 1888-இல் லண்டனில் பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டி ஆலையில் சுமார் 1,400 பெண்களும் சிறுமிகளும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய நிலைமையை அதற்குச் சற்று முன் பத்திரிகையில் எழுதி அம்பலப்படுத்தியவர் அன்னி பெசன்ட், பின்னாளில் சென்னை அடையாற்றில் வாழ்ந்த அதே பெசன்ட் அம்மையார்தான்.

வேதனை என்னவென்றால், மாற்று வழி அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. ஸ்வீடனின் குஸ்தாஃப் எரிக் பாஷ் 1844-இலேயே பாஸ்பரஸைக் குச்சியிலிருந்து எடுத்துப் பெட்டிக்கு மாற்றிக் காப்புரிமை பெற்றார். நஞ்சில்லாத சிவப்புப் பாஸ்பரஸைச் செய்யும் வழியை வியன்னாவின் ஆன்டன் ஷ்ரோட்டர் அதே காலத்தில் கண்டார். யான்ஷாப்பிங் நகரின் லுன்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் 1850-களில் இதைத் தொழிலாக்கினார்கள். ஆனாலும் வெள்ளைப் பாஸ்பரஸ் மலிவு, எங்கும் பற்றும் என்பதற்காகவே தொடர்ந்தது. 1906-இல் சில நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட பெர்ன் உடன்படிக்கை அதைத் தடைசெய்தது. இந்தியாவில் 1913-இல் தனிச் சட்டம் வந்தது. இன்றும் சில நாடுகளில் கிடைக்கிற 'எங்கும் பற்றும்' குச்சியின் நுனியில் பாஸ்பரஸ் செஸ்குவிசல்பைடு என்ற வேறு சேர்மம் இருக்கிறது.

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தொழிலைக் கற்றுவந்து சிவகாசியில் தொடங்கியபோது, இங்கே வந்தது பெட்டிப் பட்டையில் உரசும் குச்சிதான். சிவகாசியின் வறண்ட வானிலையும் தொழிலுக்குத் தோதாக அமைந்தது. முக்கியெடுத்த குச்சியில் மருந்து காய வேண்டுமே!

இங்கேதான் உங்கள் மாமியாரின் தலைமுடி வருகிறது. பசை காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், இழுத்தால் இளகும். உலர்ந்த முடி மேலோட்டமான ஈரத்தைத் துடைத்துவிடும், அவ்வளவுதான். உள்ளே ஏறிய ஈரத்தை எடுக்காது. இளகிய தலையைத் தேய்த்தால் உதிரத்தான் செய்யும். பல சமயம் குச்சி நன்றாகவே இருக்கும், நமுத்தது பட்டைதான். மழமழவென்று சேறுபோல் வழுக்கினால் அதில் உரசாதீர்கள். மருந்து வழித்துக்கொண்டு வந்துவிடும், காய்ந்த பிறகும் அந்த இடம் உதவாது. வேறு பெட்டியின் காய்ந்த பட்டையில் முதலில் உரசிப் பாருங்கள். பற்றினால் குறை பட்டையில்தான்.

குச்சியும் நமுத்திருந்தால் தாளில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் விடுங்கள். அடுப்பு மேடையில் காயவைக்க வேண்டாம். தண்ணீரில் விழுந்து ஊறிய குச்சியைக் காப்பாற்ற முடியாது: குளோரேட் நீரில் கரைந்து வெளியேறிவிடும், காய்ந்ததும் தலை பார்க்க நன்றாக இருந்தாலும் பற்றாது. மழைக்காலத்துக்கு இறுக்கமான மூடியுள்ள டப்பாவில், புது செருப்புப் பெட்டியில் வருமே அந்தச் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு வைத்தால் போதும்.

மகனிடம் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பட்டையைச் சுரண்டி எடுத்த தூளையும் குச்சி மருந்தையும் ஒன்றாகக் கலந்து பார்க்கக் கூடாது. சிவப்புப் பாஸ்பரஸும் குளோரேட்டும் உலர்ந்த நிலையில் சேர்ந்தால், லேசான அழுத்தத்திலேயே கைக்குள் வெடிக்கும். பொம்மைத் துப்பாக்கியின் ரோல் கேப்பில் புள்ளி அளவுக்கு வைக்கப்படுவது இந்தக் கலவைதான். அதைக்கூட ஆலையில் ஈரமாக வைத்துத்தான் கையாளுகிறார்கள்.