கேள்வி-பதில்: அடுத்த வேளைச் சாப்பாடு

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள் விடுமுறை நாட்களில் விடிய விடிய ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடர்கள் பார்க்கிறாள். எல்லாமே ஆணும் ஆணும் காதலிக்கும் கதைகள். ஒழுக்கத்துக்கும் கட்டுப்பாட்டுக்கும் பெயர் பெற்ற நாட்டில், வீட்டுக்குள் வரும் தொலைக்காட்சியில் இந்த வக்கிரத்தை எப்படி அனுமதிக்கிறார்கள்? அங்கே சட்டமே இதை ஏற்றுக்கொண்டுவிட்டதா? காசுக்காக எடுப்பதுதானே?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மதுரை

பதில்: நீங்கள் வக்கிரம் என்று எழுதியிருக்கும் தொடர்களில் பெரும்பெயர் பெற்ற ஒன்றில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். நடுவயது வழக்கறிஞர் ஒருவர் நேரத்துக்கு அலுவலகத்தை விட்டுக் கிளம்புகிறார். சூப்பர் மார்க்கெட்டில் விலை பார்த்துப் பார்த்துக் காய்கறி எடுக்கிறார். மாதச் சாப்பாட்டுச் செலவு 25,000 யென்னைத் தாண்டக் கூடாது என்பது அவர் கணக்கு. முழுத் தர்பூசணி மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் இரண்டு பேருக்கு அது அதிகம். அதே யோசனையில் நின்ற ஓர் இல்லத்தரசியோடு ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டதில் அந்தக் குடும்பமே அவருக்கு நட்பாகிவிட்டது. வீட்டுக்கு வந்து, அடுப்பு மூட்டி, நான்கைந்து வகை சமைத்து வைக்கிறார். சிகையலங்காரக் கடையில் வேலை செய்யும் கென்ஜி வந்ததும் இருவரும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஒவ்வொரு பகுதியிலும் இதுதான் நடக்கிறது.

‘நேற்று என்ன சாப்பிட்டாய்?’ என்பது தொடரின் பெயர். யொஷினாகா ஃபுமி என்ற பெண் ஓவியர் 2007 முதல் ஒரு வார இதழில் வரைந்துவரும் படக்கதை. டிவி டோக்கியோ 2019 ஏப்ரலில் அதைத் தொடராக்கியது. வழக்கறிஞர் கக்கேய் ஷிரோவாக நிஷிஜிமா ஹிதெதோஷி, கென்ஜியாக உச்சினோ செய்யோ. இருவருமே ஜப்பானில் முன்வரிசை நடிகர்கள்.

நிஷிஜிமாவைப் பற்றி இன்னொன்று. 1993-இல் ஃபுஜி தொலைக்காட்சியின் திங்கள் இரவு 9 மணித் தொடர் ஒன்றில் இளைஞராக அவர் நடித்தார். ‘அசுனரோ ஹகுஷோ’ என்ற கல்லூரிக் கதை. ஐந்து நண்பர்கள். அவர்களில் மட்சுவோகா என்பவனுக்குத் தன் நண்பன் மீது காதல், கைகூட வழியில்லாத காதல். அந்த நண்பனின் பெயரும் கக்கேய்தான், ஜப்பானிய மொழியில் எழுதும் விதம் மட்டும் வேறு. நிஷிஜிமா மட்சுவோகாவாக நடித்தார். கதை முடிவதற்குள் மட்சுவோகா விபத்தில் இறந்துபோனான். அந்தக் காலத்தில் இப்படி ஒரு பாத்திரத்துக்குக் கதாசிரியர்கள் வைத்திருந்த வழி அது. அவன் நல்லவனாக இருக்கலாம், பார்ப்பவர்கள் அவனுக்காக அழலாம், ஆனால் அவன் போய்விட வேண்டும். 26 ஆண்டுகள் கழித்து அதே நடிகர், கக்கேய் என்ற பெயரோடு, சாகாமல் உயிரோடிருந்து இரவுச் சாப்பாடு பரிமாறுகிறார். ஜப்பானியத் தொலைக்காட்சியில் என்ன மாறியது என்று கேட்டால், எனக்கு இந்த ஒரு மனிதரின் இரண்டு வேடங்களே போதும்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். நீங்கள் நினைப்பதற்கு நேர்மாறு. ஜப்பானில் இரண்டு ஆண்கள் இன்றுவரை திருமணம் செய்துகொள்ள முடியாது. டோக்கியோவின் ஷிபுயா, செதகாயா வட்டாரங்கள் 2015-இல் இணையர் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கின. டோக்கியோ பெருநகரம் முழுமைக்கும் அது 2022 நவம்பரில் வந்தது. வாடகை வீடு பிடிப்பதற்கும் மருத்துவமனையில் பார்க்கப் போவதற்கும் அந்தச் சான்றிதழ் உதவும், சொத்துரிமை தராது. 2021 மார்ச் 17 அன்று சப்போரோ மாவட்ட நீதிமன்றம், இவர்களுக்குத் திருமணத்தின் பலன்கள் எதையுமே தராமல் இருப்பது அரசியல் சட்டத்தின் சமத்துவத்துக்கு முரண் என்று முதன்முறையாகத் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே ஒசாகா மாவட்ட நீதிமன்றம் முரண் இல்லை என்றது. 2024 மார்ச்சில் சப்போரோ உயர் நீதிமன்றமும் முரண் என்று சொன்னது. நாடாளுமன்றம் மட்டும் அசையவில்லை.

சட்டம் இல்லாத இடத்தில் மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை இதே தொடரில் பார்க்கலாம். நண்பர் ஒருவர் ஷிரோவிடம் ஆலோசனை கேட்டு வருகிறார். தான் உழைத்துச் சேர்த்ததில் ஒரு காசுகூட ஊரிலிருக்கும் பெற்றோருக்குப் போகக் கூடாது, எல்லாம் தன்னோடு வாழ்பவருக்கே சேர வேண்டும் என்கிறார். உயில் எழுதினால் போதாதா என்று நமக்குத் தோன்றும். போதாது. பிள்ளையில்லாமல் ஒருவர் இறந்தால், உயில் எப்படி இருந்தாலும் பெற்றோருக்கென்று ஒரு பங்கைச் சட்டம் ஒதுக்கிவைத்திருக்கிறது. அதனால் அவர் தன் துணையை மகனாகத் தத்தெடுக்க நினைக்கிறார். ஜப்பானியச் சட்டப்படி வளர்ந்தவரையும் தத்தெடுக்கலாம், எடுப்பவர் ஒரு நாளாவது மூத்தவராக இருந்தால் போதும். பிள்ளை என்று ஒருவர் வந்துவிட்டால் பெற்றோரின் பங்கு தானாக நீங்கிவிடும். கணவன் என்று எழுத முடியாதவரை மகன் என்று எழுதுவது. அந்த மனிதர் இதைச் சொல்லும்போது கண்ணீரில்லை, பின்னணி இசை பொங்கவில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். எனக்கு நெஞ்சு அடைத்தது.

காசுக்காகத்தானே என்று கேட்டீர்கள். ஆம், காசும் உண்டு. எந்தத் தொலைக்காட்சித் தொடர்தான் காசில்லாமல் எடுக்கப்படுகிறது? ஆனால் இவற்றுக்குக் கிடைத்த இடத்தைப் பாருங்கள். ஜப்பானிய நிகழ்ச்சி அட்டவணையில் நள்ளிரவுக்குப் பிறகும் மணி 24, 25 என்றே ஓடும். ‘நேற்று என்ன சாப்பிட்டாய்?’ வெள்ளிக்கிழமை 24 மணி 12 நிமிடத்துக்கு. 2020 அக்டோபரில் வந்த ‘செரி மேஜிக்’ வியாழக்கிழமை 25 மணிக்கு, அதாவது வெள்ளி அதிகாலை 1 மணிக்கு. பெரிய விளம்பரதாரர்களின் கண் அதிகம் படாத வேளை. குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும் நேரத்தில் ஏற்கத் தயங்கும் கதைக்கு இந்தப் பின்னிரவில்தான் வாசல் திறந்தது. 2018-இல் டிவி அசாஹி ‘ஒஸ்ஸான்ஸ் லவ்’ தொடரை ஒளிபரப்பியதும் சனிக்கிழமை இரவு 11.15-க்குத்தான். வீட்டுமனை நிறுவனத்தில் வேலை செய்யும் 33 வயது மனிதன் மீது ஒரே சமயத்தில் மேலதிகாரிக்கும் அறைத்தோழனுக்கும் காதல். ஏழே பகுதிகள். அந்த ஆண்டு நாடு முழுவதும் புழங்கிய புதுச் சொற்கள் பத்தைத் தேர்ந்தெடுத்தபோது அந்தத் தொடரின் பெயரும் அதில் இருந்தது. அதன் பிறகே மற்ற நிலையங்கள் துணிந்தன. 2022-இல் ஒசாகாவின் எம்.பி.எஸ். இவ்வகைத் தொடர்களுக்கென்றே ஒரு நேரத்தை ஒதுக்கியது.

குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. இக்கதைகளின் வேர் ஆண்களிடம் இல்லை, பெண்களிடம் இருக்கிறது. 1970-களில் ஹாகியோ மோடோ, தகெமியா கெய்கோ போன்ற இளம் பெண் ஓவியர்கள், பெண்பிள்ளைகள் படிக்கும் இதழ்களில் பையன்களின் காதலை வரைந்தார்கள். பெண் பாத்திரம் என்றால் கல்யாணம், அடக்கம், பிள்ளை என்று போகும் பாதை முன்பே போடப்பட்டிருந்தது. இரண்டு பையன்களை வைத்தால் அந்தப் பாதை இல்லை, யார் யாருக்கு அடங்க வேண்டும் என்ற விதி இல்லை. அந்தச் சுதந்திரத்தைத்தான் அவர்களும் வாசகிகளும் தேடினார்கள். உங்கள் மகள் தேடுவதும் ஒருவேளை அதுதானோ என்னவோ, அவளைக் கேட்டால் தெரியும்.

ஆனால் நிஜத்தில் ஆண்களை நேசிக்கும் ஆண்கள் இதைப் பார்த்து என்ன நினைத்தார்கள்? 1992-இல் ஒரு பெண்ணியச் சிற்றிதழில் அப்படிப்பட்ட ஒருவர் கொதித்து எழுதினார். எங்களை அழகுப் பொம்மைகளாக்கி உங்கள் ஆசைக்கு விளையாடுகிறீர்கள், எங்கள் வாழ்க்கையைப் பற்றி உங்களுக்கு அக்கறையில்லை என்பது குற்றச்சாட்டு. பதிலும் பதிலுக்குப் பதிலுமாக அந்த விவாதம் ஆண்டுக்கணக்கில் நடந்தது. அவர் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். ‘எனக்கு ஆண்களைப் பிடிக்காது, உன்னை மட்டும்தான் பிடிக்கும்’ என்று கதாநாயகன் சொல்லும் வசனம் இக்கதைகளில் எத்தனை முறை வந்திருக்கிறது! காதலை உயர்த்துவதுபோல் இருக்கும், உள்ளே ஒரு கூட்டத்தையே தள்ளிவிடும். ‘செரி மேஜிக்’ எனக்கு மிகவும் பிடித்த தொடர். முப்பது வயதாகும் கூச்ச சுபாவமுள்ள ஒருவனுக்கு, தொட்டால் மற்றவர் மனதைப் படிக்கும் சக்தி வருகிறது. நெரிசலான லிஃப்டில் இடிபட்டு நிற்கும்போது, அலுவலகமே வியக்கும் சக ஊழியன் தன்னைத்தான் நினைத்து உருகுகிறான் என்று தெரியவருகிறது. அத்தனை மென்மையாகச் சொன்ன தொடர், கடைசிப் பகுதியில் அவர்கள் முத்தமிடப்போகும்போது லிஃப்ட் கதவைச் சாத்திவிட்டது. ஆணும் பெண்ணும் என்றால் அந்தக் கதவு சாத்தியிருக்குமா? பின்னால் தாய்லாந்தும் அதே கதையைத் தொடராக எடுத்தது. தாய்லாந்தில் 2025 ஜனவரி 23 முதல் இரண்டு ஆண்கள் சட்டப்படி திருமணம் செய்துகொள்கிறார்கள். கதை பிறந்த நாட்டில் இன்னும் முடியாது.

நான் இத்தொடர்களை எடைபோடுவது ஒரே கேள்வியை வைத்து: காதலைச் சொன்ன மறுநாள் காலை அந்த இருவருக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறதா? வேலை, வாடகை, பெற்றோர், முதுமை, அடுத்த வேளைச் சாப்பாடு இருக்கிறதா? பல தொடர்களில் இல்லை. அழகான இரண்டு முகங்கள், மழை, குடை, முடிந்தது. அவற்றை உங்கள் மகள் பார்க்காவிட்டால் நஷ்டமில்லை. நஷ்டமாவது ஷிரோவையும் கென்ஜியையும் பார்க்காமல் விட்டால்.

தந்தை என்பதால் உங்களுக்கு இரண்டு இடங்களைக் குறிப்பாகச் சொல்கிறேன், இரண்டும் முதல் பகுதியிலேயே வருகின்றன. ஷிரோவின் தாய் நல்ல மனம் படைத்தவர். நீ குற்றவாளியாக இருந்தாலும் சரி, ஆண்களை விரும்புகிறவனாக இருந்தாலும் சரி, நாங்கள் ஏற்றுக்கொள்வோம் என்று மகனிடம் சொல்கிறார். அன்போடுதான் சொல்கிறார். இரண்டையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்கிறோம் என்பது அவருக்குத் தெரியவில்லை. மகன் முகத்தைப் பாருங்கள், அவனுக்குத் தெரிகிறது. 2021-இல் வந்த திரைப்படத்தில், புத்தாண்டுக்குக் கென்ஜியை அழைத்து வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்பவர்களும் இதே பெற்றோர்தான்.

இன்னொன்று கென்ஜியின் கேள்வி. தன்னோடு வாழ்பவர் ஒரு வழக்கறிஞர் என்று கடையில் சொல்லிவிட்டான். வெளியே தெரிந்துவிடுமே என்று ஷிரோ சினந்து கத்துகிறார். கென்ஜி கேட்கிறான்: கடை முதலாளி தன் மனைவியைப் பற்றிப் பேசுகிறார், நான் மட்டும் ஏன் என்னோடு வாழ்பவரைப் பற்றிப் பேசக் கூடாது?

மகளிடம் சொல்லி அந்த முதல் பகுதியைப் போடச் சொல்லுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து முழுதாகப் பாருங்கள். அரை மணி நேரம்தான். அதற்குப் பிறகும் வக்கிரம் என்ற சொல் பொருந்தும் என்று தோன்றினால், எந்தக் காட்சிக்குப் பொருந்துகிறது என்று குறிப்பிட்டு எழுதுங்கள். அடுத்த இதழில் இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.