அப்பாவின் வரிக் கணக்கு யார் கையில்?

இது 2025 டிசம்பரில் எழுதுவது; டிசம்பர் 31 நெருங்குகிறது. 2024-25 நிதியாண்டுக் கணக்கைத் தாமதமாகவேனும் தாக்கல் செய்ய அதுதான் கடைசி நாள். அதனாலோ என்னவோ, இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பெற்றோரின் ஆடிட்டர்களைப் பற்றிய புலம்பல். அவற்றில் சிலவும், ஒவ்வொன்றுக்கும் என் பதிலும் இங்கே.

அப்பாவுக்கு 78 வயது, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். தஞ்சாவூரில் தனியாக இருக்கிறார், நான் புனேயில். நெடுங்காலமாக ஓர் ஆடிட்டரே வரிக் கணக்குப் பார்க்கிறார். "எல்லாம் ஆயிற்று சார்" என்பார்; ஒரு தாள்கூடத் தரமாட்டார். இரண்டு ஆண்டுகளாக, அதிகமாகப் பிடித்த வரி (ரீஃபண்ட்) திரும்பி வரவில்லை. கடவுச்சொல்லும் அவரிடம்தான். இப்போது போனை எடுப்பதே இல்லை.

ஆடிட்டரைத் துரத்துவதை நிறுத்துங்கள். உங்களுக்குத் தெரிய வேண்டியதெல்லாம் வருமான வரித் துறையின் இணையதளத்தில் இருக்கிறது. அப்பாவின் பான் எண்ணைப் போட்டு, கடவுச்சொல் மறந்துவிட்டது என்ற வழியாகச் செல்லுங்கள். ஆதாருடன் இணைந்த கைபேசி அப்பாவிடம் இருந்தால் ஓ.டி.பி. அதற்கே வரும். இல்லையென்றால் அவருடைய வங்கியின் நெட் பேங்கிங் வழியாகவும் உள்ளே போகலாம்.

போனதும் முதல் வேலை, அங்கே பதிவாகியிருக்கும் கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் பார்ப்பது. பல வீடுகளில் அது ஆடிட்டருடையதாகத்தான் இருக்கும். துறை அனுப்பிய நோட்டீஸ்களெல்லாம் அவருக்குப் போயிருக்கும். உங்கள் அப்பா நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்திருப்பார். இரண்டையும் உங்கள் குடும்பத்து எண்ணுக்கும் முகவரிக்கும் மாற்றுங்கள்.

பிறகு, தாக்கலான கணக்குகளின் பட்டியலைத் திறந்து பாருங்கள். மூன்று நிலைமைகளில் ஒன்று தெரியவரும். கணக்கு முறையாக முடிந்து, ரீஃபண்ட் மட்டும் வங்கிக் கணக்கு சரிபார்க்கப்படாததால் நிற்கலாம். இது எளிது, வங்கிக் கணக்கைச் சரிபார்த்துவிட்டு, மறுபடி அனுப்பக் கோரினால் போதும். அல்லது தாக்கல் செய்துவிட்டு, அதை இணையத்தில் உறுதிசெய்யும் மின்சரிபார்ப்பைச் செய்யாமல் விட்டிருக்கலாம். 30 நாளுக்குள் சரிபார்க்காத கணக்கு பாதிக் கிணறுதான். பிந்திச் சரிபார்த்தால், சரிபார்த்த நாளே தாக்கல் நாளாகக் கொள்ளப்படும், தாமதக் கட்டணமும் தொடரும்.

மூன்றாவது, தாக்கலே செய்யவில்லை என்பது. 2024-25க்கு 2025 டிசம்பர் 31 வரை வழி இருக்கிறது: தாமதக் கட்டணம் 5,000 ரூபாய், மொத்த வருமானம் ஐந்து லட்சத்தைத் தாண்டாவிட்டால் 1,000. ஆனால் தாமதமாகத் தாக்கல் செய்பவருக்கு, கழிவுகள் பல தரும் பழைய வரி முறை கிடையாது. மூத்த குடிமக்களுக்கு வட்டி வருமானத்தில் கிடைக்கும் 50,000 ரூபாய்க் கழிவு அதோடு போயிற்று. இதுதான் எனக்கு எரிச்சல் தருவது. இந்த இழப்புக்கு எந்த ஆடிட்டரும் ரசீது தருவதில்லை.

அதற்கு முந்தைய ஆண்டுகளில் முன்னதாகவே பிடித்த வரிப் பணத்தை (டி.டி.எஸ்.) திரும்பப் பெற, தாமதத்தை மன்னிக்கக் கோரி முதன்மை ஆணையருக்கு விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டு ஆண்டு, அதாவது நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு, முடிந்து ஐந்து ஆண்டுகள் வரை கெடு. நியாயமான காரணம் வேண்டும். அப்பாவின் வயதையும், அவர் ஒருவரை நம்பியிருந்ததையும், இருக்கிற ஆதாரத்தோடு எழுதுங்கள். பணம் வந்தால் வட்டி இல்லாமல் வரும். "அப்டேட்டட் ரிட்டர்ன் போட்டு வாங்கித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது கூடுதல் வரி கட்டுவதற்கான வழி, ரீஃபண்டுக்கு உதவாது.

அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. தெரிந்தவர் ஒருவர் பிடித்த வரி முழுவதையும் திருப்பி வாங்கித் தந்து, அதில் இருபது சதவீதம் எடுத்துக்கொண்டார். இப்போது துறையிலிருந்து குறுஞ்செய்தி வந்திருக்கிறது. கணக்கைப் பார்த்தால், அம்மா ஒரு கட்சிக்கு நன்கொடை கொடுத்ததாக இருக்கிறது! - ஈரோடு வாசகி

அம்மா எந்தக் கட்சி என்று கேட்டுப் பாருங்கள், அவருக்கே ஆச்சரியமாக இருக்கும். கட்சி நன்கொடைக்கு வரிக் கழிவு உண்டு; கொடுக்காததைக் கொடுத்ததாகக் காட்டி ரீஃபண்ட் வாங்குவது ஊரறிந்த உத்தி. 2025 ஜூலையில் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் வருமான வரித் துறை இத்தகைய இடைத்தரகர்களைத் தேடிச் சோதனை நடத்தியது.

கசப்பான செய்தி: கணக்கு அம்மாவின் பெயரில் இருக்கிறது, பொறுப்பும் அம்மாவுக்குத்தான். பொய்க் கழிவு என்று துறை முடிவுசெய்தால், தப்பிய வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் விதிக்க முடியும். அதற்குள் நீங்களே திருத்துங்கள். 2024-25க்கு 2025 டிசம்பர் 31க்குள் திருத்திய கணக்கைத் தாக்கல் செய்து, பெற்ற பணத்தை வட்டியோடு கட்டலாம். பழைய ஆண்டுகளுக்கு அப்டேட்டட் ரிட்டர்ன் இருக்கிறது; அதற்கான காலம் இப்போது நான்கு ஆண்டுகள். வரியும் வட்டியும் சேர்ந்த தொகையில் முதல் ஆண்டில் கூடுதலாக 25 சதவீதம், பிறகு 50, 60, 70 என்று ஏறும். அந்த ஆண்டுக்கு மதிப்பீட்டு நடவடிக்கை தொடங்கிவிட்டால் இந்தக் கதவும் மூடிவிடும்.

அப்பாவுக்கு 68 வயது. ஓய்வூதியமும் வீட்டு வாடகையும் மட்டுமே. காலாண்டுக்கு ஒருமுறை முன்கூட்டிய வரி என்று ஆடிட்டர் ரொக்கமாக வாங்கிப்போகிறார். சலான் கேட்டால் கோபம் வருகிறது.

கோபம் வரும், ஏன் வராது? அறுபது வயதைக் கடந்து, தொழில் வருமானம் இல்லாத இந்தியவாசிக்கு முன்கூட்டிய வரியே கிடையாது. அவர் கட்ட வேண்டியது ஏதேனும் இருந்தால் கணக்குத் தாக்கலின்போது கட்டினால் போதும். இணையதளத்தில் ஆண்டுத் தகவல் அறிக்கையை (ஏ.ஐ.எஸ்.) திறந்து பாருங்கள்; அப்பாவின் பானில் கட்டிய ஒவ்வொரு ரூபாயும் அதில் இருக்கும். இல்லையென்றால் பணம் அரசுக்குப் போகவில்லை. எழுத்தில் கேளுங்கள், பதில் வராவிட்டால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். இனி வரியை இணையதளத்திலேயே கட்டுங்கள், யார் கையிலும் கொடுக்க வேண்டாம்.

பெரியம்மாவுக்கு 82. கணக்குத் தாக்கல் செய்தே ஆக வேண்டுமா?

ஓய்வூதியமும் வட்டியும் மட்டும், அதுவும் ஒரே வங்கியில் என்றால் வேண்டாம். 75 வயதைக் கடந்தவர் அந்த வங்கியில் உறுதிமொழிப் படிவம் கொடுத்தால் வங்கியே வரியைக் கணக்கிட்டுப் பிடித்துக்கொள்ளும். இன்னொரு வங்கியில் சிறு வைப்புத்தொகை இருந்தாலும் இந்தச் சலுகை பொருந்தாது.

ஆடிட்டர் அப்பாவின் பழைய நண்பர். மாற்றலாம் என்றால் "அவன் மனசு நோகும்" என்கிறார் அப்பா. என்ன செய்வது?

நட்பைத் தொடாதீர்கள். அப்பாவே போய், "பையன் இனிமேல் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான்" என்று சொல்லட்டும். பழி உங்கள் மேல் இருக்கட்டும், மகனுக்கு அது வழக்கந்தானே. போகும்போது ஒரு பட்டியலோடு போகச் சொல்லுங்கள்: ஒவ்வோர் ஆண்டின் ஒப்புகைச் சீட்டு, வருமானக் கணக்கீட்டுத் தாள், வீடு வாங்கிய பத்திரம், வீட்டை விரிவாக்கி மேம்படுத்திய செலவின் பில்கள். கடைசி இரண்டும் முக்கியம். நாளைக்கு வீட்டை விற்றால் மூலதன ஆதாயத்தை, அதாவது விற்றதில் கிடைத்த லாபத்தை, கணக்கிட அவை வேண்டும்.

ஆடிட்டர் பட்டயக் கணக்காளராக (சி.ஏ.) இருந்து, ஆவணங்களைத் தராமல் இழுத்தடித்தால், பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் ஒழுங்குப் பிரிவில் புகார் செய்யலாம். பலகையில் ஆடிட்டர் என்று எழுதியவரெல்லாம் அந்த நிறுவனத்தின் உறுப்பினர் ஆகிவிடமாட்டார். உறுப்பினர் எண்ணை முதலில் கேட்டு வையுங்கள்.