பாரிஸில் தம்பிக்கு வங்கிக் கணக்கு: கரண்ட் பில் போதாது

பாரிஸில் சித்தப்பா வீட்டில் தங்கியிருக்கும் தம்பி முகவரிச் சான்றாகக் கரண்ட் பில்லைக் கொடுத்தும் வங்கி கணக்குத் தொடங்க மறுத்துவிட்டது என்று கேட்டிருந்தீர்கள். சித்தப்பாவிடம் அத்தெஸ்தாசியோன் தெபெர்ஜ்மான் எழுதி வாங்கச் சொல்லுங்கள், அதாவது தம்பி இன்ன தேதியிலிருந்து தன் வீட்டில் தங்கியிருக்கிறார் என்று சித்தப்பா கையெழுத்துப் போட்ட கடிதம். அதோடு அவருடைய அடையாள அட்டை நகலும், 3 மாதத்துக்குள் வந்த கரண்ட் பில்லும் வேண்டும். பில் சித்தப்பா பெயரில் இருப்பதால்தான் வங்கி திருப்பி அனுப்பியிருக்கும். நம்மூர் முத்தியால்பேட்டை முகவரி உள்ள ரேஷன் கார்டை அங்கே யாரும் சீண்ட மாட்டார்கள்.

அப்புறம் பெயர். நம்மூரில் பலருக்கு பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்தான் குடும்பப் பெயர், சிலருக்கு அந்தக் கட்டமே காலி. கடிதத்தில் தம்பி பெயர் இனிஷியல் போடாமல் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொல்லிப் பாருங்கள்.

அப்படியும் மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்கி பிரான்ஸின் மத்திய வங்கியான பாங்க் து பிரான்ஸில் விண்ணப்பிக்கலாம், ஒரு வங்கியை அவர்களே ஒதுக்குவார்கள். ஆனால் அது அடிப்படைக் கணக்குதான், செக் புத்தகம் கிடைக்காது.