‘கிரவுண்ட்ஹாக் டே’ சதுக்கம் எந்த ஊரில் இருக்கிறது?

‘கிரவுண்ட்ஹாக் டே’ படத்தில் வரும் ஊர்ச் சதுக்கத்தைப் பங்க்ஸடானியில் இரண்டு நாள் தேடியும் கிடைக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அந்தச் சதுக்கம், அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தின் உட்ஸ்டாக் நகரில் இருக்கிறது. 1993இல் வெளியான ‘கிரவுண்ட்ஹாக் டே’ படத்தின் ஊர்க் காட்சிகளை அங்கேதான் எடுத்தார்கள்.

கதை பென்சில்வேனியாவின் பங்க்ஸடானியில் நடப்பதால் இந்தக் குழப்பம் நேர்ந்திருக்கும். ஆண்டுதோறும் பிப்ரவரி 2இல் கிரவுண்ட்ஹாக் என்ற கொறித்துண்ணியை வைத்து வானிலைக் குறி பார்க்கும் இடம் காப்ளர்ஸ் நாப். அவ்வூரின் உண்மையான காப்ளர்ஸ் நாப், ஊருக்கு வெளியே மரங்கள் சூழ்ந்த மேட்டில் இருக்கிறது. படத்தில்தான் அதை ஊர் நடுவே காட்டினார்கள்.

சிகாகோவிலிருந்து மெட்ரா ரயிலில் உட்ஸ்டாக் வந்து இறங்கினால் சதுக்கம் நடக்கும் தூரமே. நாயகன் (நடிகர் பில் மர்ரே) தண்ணீர்க் குட்டையில் கால் விடும் மூலையைத் தேடுங்கள்: ‘பில் மர்ரே இங்கே கால் வைத்தார்’ என்று பொறித்த பட்டயம் அங்கே பதிக்கப்பட்டிருக்கிறது. நான் மிகவும் விரும்பும் இடம், அவர் குதிக்கும் ஆப்பரா மாளிகைக் கோபுரம். அதுவும் சதுக்கத்திலேயே நிற்கிறது.

பிப்ரவரி 2ஐ ஒட்டி அங்கே விழா நடப்பதால், அந்நாள்களில் போவதானால் தங்குமிடத்தை முன்பே பதிவு செய்துவிடுங்கள்.